குதிரையிடம் அனுப்பச் சொல்கிறார்களே, அனுப்பலாமா?

லண்டன் நகரம் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய குதிரை லாயம் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மதியங்களில் அங்கே தன்னார்வலராக வேலை செய்கிறேன். காலையில் எனக்குத் தமிழ்ப் பள்ளி. அங்கிருந்து கிளம்பும் நேரத்தில் யாராவது ஒரு தாயோ தகப்பனோ என்னை ஓரமாகக் கூப்பிடுவார்கள். கையில் பாடசாலையோ குடும்ப வைத்தியரோ கொடுத்த துண்டறிக்கை இருக்கும். அதில் ஒரு குதிரைப் படமும் இருக்கும். பிள்ளைக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. பாடசாலைக்குப் போக மறுக்கிறாள், அல்லது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதில்லை, அல்லது தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். "அக்கா, இது என்ன குதிரைச் சிகிச்சை?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்ட கேள்விகளையே இங்கே சேர்த்திருக்கிறேன். நான் சிகிச்சையாளர் அல்ல, எரு அள்ளுபவள். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மனம் சரியில்லாத பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஓடவிடுவதா சிகிச்சை?

நம் ஊரில் சவாரி என்றால் மாட்டுவண்டிச் சவாரிதான் நினைவுக்கு வரும். ஆகவே இந்தக் குழப்பம் இயல்பானது. குதிரையை வைத்துச் செய்யும் மூன்று வேலைகளை ஒரே பெயரால் அழைக்கிறார்கள்.

முதலாவது ஹிப்போதெரபி. உடலியக்கச் சிகிச்சையாளர் அல்லது பேச்சுச் சிகிச்சையாளர் குதிரையின் நடையசைவைப் பயன்படுத்துவது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு அசையும் விதம், மனிதர் நடக்கும்போது இடுப்பு அசையும் விதத்தை ஒத்தது. நடக்க முடியாத பிள்ளையின் இடுப்புக்கும் அந்த அசைவு கிடைக்கிறது. இரண்டாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றம். பிரித்தானியாவில் இதற்கென 1969இல் ஒரு சங்கமே உருவாகி, இன்று நாடு முழுவதும் கிளைக் குழுக்களோடு இயங்குகிறது. இளவரசி ஆன் அதன் தலைவர்.

உங்கள் கையில் உள்ள துண்டறிக்கை பேசுவது மூன்றாவதைப் பற்றி: குதிரைகளோடு செய்யும் உளச்சிகிச்சை. இதில் பெரும்பாலும் குதிரையில் ஏறுவதே இல்லை. பிள்ளையும் தரையில், குதிரையும் தரையில். 1999இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய ஈகாலா என்ற அமைப்பு இந்த முறைக்கு ஒரு சட்டகம் போட்டது. உளநலத்தில் தகுதி பெற்ற ஒருவரும் குதிரைகளை நன்கு அறிந்த ஒருவரும் சேர்ந்தே நடத்த வேண்டும், சவாரி கிடையாது என்பது அவர்கள் வகுத்த முறை. மற்ற இடங்களில் சிறு வேறுபாடுகள் இருக்கும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

எல்லோரும் சொல்லும் கதை லிஸ் ஹார்ட்டெல் என்ற டென்மார்க் பெண்ணுடையது. 1944இல், கர்ப்பிணியாக இருந்தபோது, அவரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் குதிரையேற்றத்தை விடவில்லை. ஆண்களோடு பெண்களும் ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட 1952 ஹெல்சிங்கிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஐரோப்பாவில் பல இடங்களில் மருத்துவர்கள் குதிரைப் பக்கம் திரும்பினார்கள். ஆரம்பத்தில் எல்லாம் உடலுக்காகவே. மனதுக்கு என்று தனியாக வந்தது பிறகுதான்.

ஏன் குதிரை? வீட்டில் ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தால் போதாதா?

சிலருக்குப் போதும். நாய் நல்ல துணை. ஆனால் நாய் நீங்கள் எப்படி வந்தாலும் வாலாட்டும். குதிரை அப்படி இல்லை.

குதிரை இரையாக இருந்து தப்பிப் பிழைத்த இனம். புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து, கூட்டத்தோடு சேர்ந்து ஓடியே உயிர் காத்தது. அதன் உடம்பு முழுவதும் அந்தப் பயத்துக்காகவே அமைந்தது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. காதுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும். நின்றபடியே உறங்கும். பக்கத்தில் ஒருவர் தோளை இறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நடந்து வந்தால், "இவருக்கு என்ன தெரிகிறது, எனக்குத் தெரியாதது?" என்பதுபோல் தலையை உயர்த்திவிடும்.

பதற்றத்தோடு வாழும் பிள்ளைக்கு இது புது அனுபவம். வீட்டில் அவள் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னால் நாம் நம்புகிறோம், அல்லது நம்பியதுபோல் இருந்துவிடுகிறோம். குதிரைக்கு அந்த வாக்கியம் புரியாது. அவளுடைய தோளும் மூச்சும் நடையும்தான் தெரியும். அதேசமயம் அது தீர்ப்பும் சொல்வதில்லை. பரீட்சைப் புள்ளி, உடம்புப் பருமன், இன்ஸ்டகிராமில் யார் என்ன எழுதினார்கள் என்ற எதுவும் அதற்குப் பொருட்டில்லை.

நான் லாயத்தில் அதிகம் பார்த்து வியந்தது வேறொன்று. ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் பறந்தால் நான்கு குதிரைகளும் திடுக்கிட்டு ஓடும். இருபது முப்பது அடி போய், திரும்பி நின்று பார்க்கும். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மூக்கால் காற்றைத் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்து புல் மேயத் தொடங்கும். மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை நடந்த ஒரு சின்ன அவமானத்தைச் சனிக்கிழமை வரை சுமந்துகொண்டு வரும் பிள்ளை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மணி நேரத்தில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காததுபோல்தான் இருக்கும். காசு கட்டிவிட்டு காரில் உட்கார்ந்திருக்கும் தகப்பன்மாருக்கு இதுதான் பெரிய வயிற்றெரிச்சல். இனி நான் சொல்வது ஒரு பிள்ளையின் கதை அல்ல, பலரிடம் கண்டதைக் கலந்து சொல்கிறேன்.

வேலியடைத்த மணல் திடலில் இரண்டு மூன்று குதிரைகள் கயிறில்லாமல் நிற்கும். முதல் நாள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். "எந்தக் குதிரை என்ன நினைக்கிறது என்று உனக்குத் தோன்றுகிறது?" என்று சிகிச்சையாளர் கேட்பார். "அந்தக் கறுப்புக் குதிரையை மற்ற இரண்டுக்கும் பிடிக்காது. அதனால்தான் தனியாக நிற்கிறது" என்று பிள்ளை சொல்லும். அந்தக் கறுப்புக் குதிரை அங்கே நிற்பதற்குக் காரணம் வேலிக்கு அப்பால் இருக்கும் நல்ல புல் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்க எனக்கு அனுமதியில்லை. சிகிச்சையாளரும் திருத்த மாட்டார். பிள்ளை குதிரையைப் பற்றிப் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு சின்னச் சின்ன வேலைகள் வரும். பிடரியைச் சீவுவது, குளம்பைத் தூக்கிச் சேற்றைச் சுரண்டுவது, தலைக்கயிறு மாட்டித் திடலின் மறுகரைக்கு நடத்திச் செல்வது. கடைசியாகச் சொன்னது இலேசான வேலை என்று நினைக்காதீர்கள். நான் கிழவி என்று கூப்பிடும் பெண்குதிரைக்கு வயது இருபத்து நான்கு, எடை 500 கிலோ. பிள்ளை கயிற்றை இழுத்தால் அவளும் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். இன்னும் பலமாக இழுத்தால் இன்னும் சாய்வாள். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் பிள்ளைக்குக் கண் கலங்கும். எப்போதோ ஒரு கணத்தில் களைத்துப்போய்க் கயிற்றைத் தளரவிட்டு, கிழவியின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தான் போக வேண்டிய திசையைப் பார்த்து நடப்பாள். கிழவி பின்னால் வருவாள்.

அப்போதுதான் சிகிச்சையாளர் வாயைத் திறப்பார். "இப்போது உன் கையில் என்ன மாறியது?" கொஞ்ச நேரம் கழித்து, "இப்படி இழுபறியாக வேறு எங்காவது நடக்கிறதா?" சில பிள்ளைகள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர், குதிரையின் கழுத்தைச் சீவியபடியே, முகத்தைக் காட்டாமல், பதில் சொல்வார்கள். நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேச முடியாத பிள்ளைக்கு, கையில் ஒரு சீப்பும் முன்னால் ஒரு பெரிய கழுத்தும் இருப்பது எவ்வளவு வசதி என்று நினைத்துப் பாருங்கள்.

குதிரை நம் மனதைப் படித்துவிடும் என்கிறார்களே?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டது. ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் பன்னிரண்டு தரம் தட்டும். ஊரே வியந்தது. 1907இல் ஓஸ்கார் ப்ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் மிக இலேசாக அசைந்தன. ஹான்ஸ் அந்த அசைவைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. கணக்குத் தெரியாது, ஆனால் மனிதரைப் பார்க்கத் தெரியும்.

அண்மைய ஆய்வுகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன. 2016இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைக் குதிரைகள் இடக்கண்ணால் அதிகம் பார்த்தன, இதயத் துடிப்பும் விரைவாக ஏறியது. 2018இல், காலையில் ஒருவரது கோபப் படத்தைப் பார்த்த குதிரை, சில மணி நேரம் கழித்து அதே ஆள் சாதாரண முகத்தோடு நேரில் வந்தபோதும் எச்சரிக்கையாக நடந்துகொண்டது என்று காட்டினார்கள்.

இவ்வளவுதான் உறுதி. இதற்கு மேல் "குதிரை உங்கள் ஆன்மாவின் கண்ணாடி", "குதிரையின் இதயம் உங்கள் இதயத்தைக் குணப்படுத்தும்" என்று எழுதியிருந்தால் துண்டறிக்கையை மடித்து வைத்துவிடுங்கள்.

பலன் உண்டு என்று நிரூபித்திருக்கிறார்களா?

ஓரளவுக்கு மட்டுமே. இதை மறைத்துப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

2014இல் வெளிவந்த ஒரு திறனாய்வு, அதுவரை வந்த 14 ஆய்வுகளை எடுத்து அலசியது. ஆய்வுகள் ஒவ்வொன்றிலும் முறையியல் ஓட்டைகள் இருக்கின்றன, உளநோய்க்கு இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று முகத்தில் அடித்ததுபோல் எழுதியது. அதே ஆண்டில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வொன்றும் வந்தது. ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை 11 வாரங்கள் குதிரைகளோடு பழகவிட்டார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கோர்ட்டிசோல் அளவு, குதிரைகளோடு இருந்தவர்களிடம் குறைவாக இருந்தது.

எனக்குப் பிடித்தது 2015இல் கொலராடோவில் செய்தது. ஆட்டிசம் உள்ள 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு 10 வாரக் குதிரையேற்றம். ஒப்பிடும் குழுவும் லாயத்துக்கே வந்தது, குதிரைகளைப் பற்றியே படித்தது, ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது ஆளுயரப் பொம்மைக் குதிரை. உயிருள்ள குதிரையோடு இருந்தவர்களிடம் எரிச்சலும் மிகைத் துடிப்பும் கூடுதலாகக் குறைந்தன. திறந்தவெளிதான் காரணமோ, அன்பான ஆட்கள்தான் காரணமோ என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடிய ஆய்வு இது. ஆனால் ஆட்டிசமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. ஒன்றுக்குக் கிடைத்த பலனை மற்றதன் கணக்கில் எழுதக் கூடாது.

மாத்திரையையும் வழமையான உளவளத்துணையையும் நிறுத்திவிட்டு இதற்கு வரலாமா?

கூடாது. எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.

யாருக்கு இது பொருந்தாது?

குதிரையின் உரோமத்தாலோ வைக்கோல் தூசியாலோ இழுப்பு வரும் பிள்ளைகள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். விலங்குகளைத் துன்புறுத்தும் பழக்கமோ தீ வைக்கும் பழக்கமோ இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல நிலையங்கள் இதை முதல் சந்திப்பிலேயே கேட்கும். இல்லாத குரல்கள் கேட்கிற நிலையிலும் இப்போதைக்கு வேண்டாம்.

உயிரை விட்டுவிடுவேன் என்று பிள்ளை சொல்கிறாளா? தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறானா? அப்போது குதிரைக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. இங்கிலாந்தில் 111ஐ அழைத்து இரண்டாம் எண்ணை அழுத்தினால் உளநல நெருக்கடிப் பிரிவு கிடைக்கும். உயிருக்கு ஆபத்தென்றால் 999. பிள்ளை தானாகவே பேச விரும்பினால் சைல்ட்லைன் எண் 0800 1111. கட்டணமில்லை.

நடத்துபவர் தகுதியானவர்தானா என்று எப்படி அறிவது?

பாண்டியனுக்கு நரிகள் பரிகளாக வந்த கதை தெரியும்தானே? பகலில் எல்லாம் அழகான குதிரைகள், இரவில் லாயத்தில் ஊளைச் சத்தம். இந்தத் துறையிலும் அது நடக்கும்.

பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்று: பிரித்தானியாவில் கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட் என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. நாளைக்கே நான் ஒரு பலகை மாட்டிக்கொள்ளலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போன்ற சில பெயர்களுக்கு மட்டும் எச்.சி.பி.சி. என்ற ஒழுங்காற்று அமைப்பில் பதிவு கட்டாயம். ஆலோசகர்களும் உளச்சிகிச்சையாளர்களும் பி.ஏ.சி.பி. அல்லது யு.கே.சி.பி. அமைப்புகளின் பதிவேட்டில் தாமாக விரும்பிச் சேரலாம். அந்தப் பதிவேடுகளை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆகவே முதல் கேள்வி குதிரையைப் பற்றியதாக இருக்க வேண்டாம். "குதிரை இல்லாவிட்டாலும் என் பிள்ளைக்குச் சிகிச்சை அளிக்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறதா? எந்தப் பதிவேட்டில் இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். குதிரைப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. பிள்ளைகளோடு பழகுவோருக்கான டி.பி.எஸ். பின்னணிச் சோதனை, காப்புறுதி இரண்டையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்ற தயக்கம் நம்மவர்களுக்கு அதிகம். நல்லவர்கள் கோபிப்பதில்லை, அச்சுப் பிரதியையே எடுத்து நீட்டுவார்கள்.

வெறும் லாய வேலையும் குதிரைப் பராமரிப்பும் கற்றுத்தரும் இடங்களும் உண்டு. அவற்றில் தவறேதும் இல்லை. பல பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. ஆனால் அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைத்து, சிகிச்சைக்கான கட்டணம் கேட்கக் கூடாது.

ஏன் இவ்வளவு விலை? அரசாங்கம் தராதா?

குதிரை ஒரு நாளைக்குத் தன் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வீதம் உலர்தீவனம் தின்னும். 500 கிலோக் குதிரைக்கு அது ஏழரை முதல் 10 கிலோ. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். கிழமையில் ஏழு நாளும், கிறிஸ்துமஸ் அன்றும், ஒருவர் எரு அள்ள வேண்டும். அத்தோடு ஒரு பிள்ளைக்கு இரண்டு நிபுணர்கள். கூட்டிப் பார்த்தால் சாதாரண உளவளத்துணையைவிடக் கூடத்தான் வரும்.

தேசிய சுகாதார சேவையில் இது வழமையாகக் கிடைப்பதில்லை. பிள்ளைக்குக் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் ஒன்று உள்ளூராட்சி மன்றத்தால் வகுக்கப்பட்டிருந்தால், அதில் இதைச் சேர்க்கும்படி வாதாடலாம். சிலருக்குக் கிடைத்திருக்கிறது, சிலருக்கு மறுத்திருக்கிறார்கள். பாடசாலையின் சிறப்புத் தேவை ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

உதைத்துவிடாதா?

உதைக்கலாம். கடிக்கலாம். காலை மிதிக்கலாம், அதுதான் அதிகம் நடப்பது. குதிரையின் குணம் அறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்று நம் முன்னோர் சொன்னது சும்மா இல்லை. அதனால்தான் எந்தக் குதிரையை எந்தப் பிள்ளையிடம் விடுவது என்று பார்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். அதற்குத் தெரியாத இடமான வாலுக்கு நேர் பின்னால் போய் நிற்கக் கூடாது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பவை முதல் நாளே சொல்லித்தரப்படும். ஆபத்தே இல்லை என்று ஒரு நிலையம் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

திரும்பி வரும்போது மகள் ஒன்றும் சொல்வதில்லை. நான் கேட்கலாமா?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிகவும் நெருக்கமானது இது. நாம் பிள்ளையின் புத்தகப் பையைத் திறந்து பார்த்தே வளர்க்கும் ஆட்கள். அறைக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் இருப்பது நமக்கு வலிக்கும். ஆனால் திடலில் சொன்னது திடலோடு இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவள் வாய் திறக்கிறாள். அவளுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சிகிச்சையாளர் உங்களிடம் சொல்வார். இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே பிள்ளையின் முன்னால் பேசி வைத்துவிடுவார்கள்.

காரில் ஏறியதும் "இன்றைக்கு என்ன சொன்னாய்? ஏதாவது முன்னேற்றம் உண்டா?" என்று தொடங்காதீர்கள். ஒரு தாய் எனக்குச் சொன்ன வழி நல்லது: "கிழவி இன்றைக்கு எப்படி இருந்தாள்?" என்று மட்டும் கேட்பாராம். மூன்று கிழமை "பரவாயில்லை" என்ற ஒரே பதில். நான்காம் கிழமை, கிழவிக்குக் காலில் புண் என்பதில் தொடங்கி, வீடு வந்து சேரும்வரை பேச்சு நிற்கவில்லையாம்.

எத்தனை தடவை போக வேண்டும்?

வாரம் ஒருமுறை, ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் என்று தொடங்குவது வழக்கம். பிறகு உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். எப்போது நிறுத்துவது என்று தொடக்கத்திலேயே பேசாத இடத்தில் காசு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

சொந்தக்காரர் கேட்டால் குதிரை ஓடப் பழகுகிறாள் என்று சொல்லிக்கொள்ளலாமா?

நாலு பேருக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு வரவில்லை. "விசருக்கு மருந்தெடுக்கிறாள்" என்று ஒரு வார்த்தை எழுந்தால் அது கலியாணப் பேச்சு வரை துரத்தும் என்று பயப்படும் ஊர் நம்முடையது. என்ன சொல்லலாம் என்று மகளிடமே கேளுங்கள். அவளுக்கு அது மறைக்க வேண்டிய விடயமாக இல்லாமலும் இருக்கலாம். சித்தியிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கவும் கூடும்.

யாழ்ப்பாணத்தில் தம்பியின் மகனுக்கு இதுபோல் செய்ய முடியுமா? நெடுந்தீவில் குதிரைகள் இருக்கின்றனவே?

நெடுந்தீவுக் குதிரைகள் காலனிக் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. இன்று அவை கட்டாக்காலிகள். வறட்சிக் காலத்தில் தண்ணீருக்கே அலைகின்றன. அவற்றைத் தூரத்தில் நின்று பார்ப்பது நல்லது. மெரினாக் கடற்கரையில் காசு வாங்கி ஏற்றி இறக்கும் குதிரையும் இதுவல்ல. தம்பியின் மகனுக்கு முதலில் வேண்டியது நல்ல உளவளத்துணையாளர் ஒருவர். ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் தொடங்கச் சொல்லுங்கள்.

இதில் குதிரைக்கு என்ன கிடைக்கிறது?

இதைக் கேட்டது பத்து வயதுச் சிறுவன், அக்காவைக் கூட்டிப்போக வந்தவன். பெரியவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை.

காதைப் பின்னுக்கு மடிப்பது, வாலை அடிக்கடி வீசுவது, வாயை இறுக்குவது எல்லாம் குதிரை "போதும்" என்று சொல்லும் விதங்கள். கயிறில்லாத திடலில் அது விலகி நடந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். விலகிப் போன குதிரையைப் பார்த்து மனம் நோகும் பிள்ளைக்கும் அது ஒரு பாடம்தான், ஆனால் குதிரை பாடம் நடத்துவதற்காகப் போகவில்லை, களைத்துப்போய்ப் போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறது, மற்ற நேரம் மற்றக் குதிரைகளோடு மேய விடுகிறார்களா, கிழடானதும் என்ன செய்கிறார்கள் என்று போகும் இடத்தில் கேளுங்கள். எங்கள் கிழவிக்கு இப்போது கிழமையில் இரண்டு நாள்தான் வேலை.

முதல் நாள் என்ன உடுத்துவது? ஏதாவது கொண்டுவர வேண்டுமா?

முன்பக்கம் மூடிய தடித்த சப்பாத்து, அழுக்கானால் கவலைப்படாத காற்சட்டை. தொங்கும் தோடும் காப்பும் வீட்டிலேயே இருக்கட்டும். குளிருக்கு நீங்கள் நினைப்பதைவிட ஒரு சட்டை கூடுதலாக. தலைக்கவசம் அங்கேயே தருவார்கள்.

கரட் கொண்டுவர விரும்பினால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில குதிரைகளுக்குக் கட்டுப்பாட்டு உணவு. சரி என்றால் வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறுங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, பெருவிரலை ஒட்டி வைத்து நீட்ட வேண்டும். கிழவிக்கு மேற்பற்கள் சில இல்லை, அதனால் கை முழுவதும் எச்சிலாகும். துடைக்கத் துணி என்னிடம் இருக்கிறது.